அன்னாசி கிறீம் ஜெலி சாலட் இறுகுதில்லை, எங்கே பிழை?

உவர்மலை_அடுப்படி கேட்டது:

அமெரிக்காவின் தென் மாநிலங்களில விருந்துக்கு வைக்கிற பச்சை நிற ஜெலி சாலட் இருக்குத்தானே, கிறீம் சீஸும் அன்னாசியும் போட்டது. அது எனக்கு இறுகவே இல்லை. அளவுகளை அப்படியே தாறன், பார்த்துச் சொல்லுங்கோ.

தேசிக்காய் ருசி ஜெலி பக்கெற் 2 (பக்கெற்றில ஜெலற்றின் எண்டுதான் போட்டிருக்கு). கொதிதண்ணி 2 கப், குளிர்தண்ணி 1 கப். கிறீம் சீஸ் 225 கிராம், பிறிட்ஜில இருந்து எடுத்த கையோட. நல்லாப் பழுத்த அன்னாசி ஒண்டு, பொடியா வெட்டி, சாறோட, பச்சையா. விப்பிங் கிறீம் 200 மில்லி, அடிச்சது. கஜு ஒரு பிடி.

ஜெலியைக் கொதிதண்ணியில கரைச்சு, சூட்டோடயே சீஸுக்கு மேல ஊத்தி அடிச்சு, பழமும் கிறீமும் கலந்து பிறிட்ஜில வைச்சது. எட்டு மணித்தியாலம் கழிச்சுப் பார்த்தா மேல வெள்ளைத் துணிக்கை மிதக்குது, கீழ பச்சைத் தண்ணி.

இதைத் திருத்திச் செய்யிறது எப்படி எண்டது ஒண்டு. வாற சனிக்கிழமை மத்தியானம் 25 பேருக்கு வேணும், மேசை விறாந்தையில. வாற ஆக்களில சைவக்காரரும் இருக்கினம், அவைக்கு என்ன செய்யலாம் எண்டது மற்றது. கிறீம் சீஸ் விலைக்கு வேற ஏதும் வழி இருந்தாலும் சொல்லுங்கோ.

---

கேக்மேசை_திருமலை:

தங்கச்சி, இது ஒரு பிழை இல்லை. மூண்டு பிழை ஒரே கோப்பைக்குள்ள சந்திச்சிருக்கு.

இறுகாததுக்குக் காரணம் பச்சை அன்னாசி. அதில புரோமலின் எண்ட நொதியம் இருக்கு. ஜெலற்றின் எண்டது புரதம். அந்த நொதியம் புரதத்தைத் துண்டு துண்டா வெட்டிப்போடும். இறைச்சி மெதுவா வரட்டும் எண்டு பப்பாசிக்காய் போடுறோமே, அதே வேலைதான். எட்டு மணித்தியாலம் இல்லை, எட்டு நாள் வைச்சாலும் இது இறுகாது. இன்னும் ரெண்டு பக்கெற் ஜெலி போட்டாலும் அதையும் வெட்டும். பப்பாசி, கொய்யா, கிவி, அத்திப்பழம், பச்சை இஞ்சி எல்லாத்துக்கும் இதே குணம் இருக்கு. மாம்பழம், தோடம்பழம், திராட்சை, வாழைப்பழம் பச்சையாப் போடலாம்.

பேணி அன்னாசியில பயமில்லை, பேணியில அடைக்கேக்க சூடாக்கிறதால நொதியம் செத்துப்போகும். ஐஸாக்கி வைச்ச அன்னாசி சரிவராது. குளிர் அதை நித்திரையாக்குமே தவிர கொல்லாது.

பச்சை அன்னாசிதான் பாவிக்கப் போறீங்கள் எண்டா, நடுத்தண்டை எடுத்துப்போட்டுப் பொடியா வெட்டின பழம் 350 கிராம், சீனி 60 கிராம், தண்ணி 100 மில்லி, மூண்டையும் அடுப்பில வையுங்கோ. கொதி வந்த பிறகு 6 நிமிடம் குமிழ் விட்டுக் கொதிக்க வேணும். ஓரத்தில ஆவி வருது எண்டு இறக்கக்கூடாது, நடுவில இருக்கிற துண்டும் கொதிக்க வேணும். நடுத்தண்டிலதான் நொதியம் கூட, அதால அதைச் சேர்க்கவே வேண்டாம். ஆறவிட்டு வடியுங்கோ. பழம் வேற, பாணி வேற.

ரெண்டாவது பிழை அந்த வெள்ளைத் துணிக்கை. சீஸ் குளிரா இருந்தா கொழுப்பு இறுகிக் கட்டியா நிக்கும். அதில கொதிக்கிற புளிப்பு ஜெலி விழுந்தா பால் புரதமும் திரைஞ்சு போகும். பிறகு எவ்வளவு அடிச்சாலும் கரையாது. சீஸை 20 நிமிடம் வெளிய வைச்சாப் போதும், எங்கட ஊர் வெக்கைக்கு அதுவே தாராளம்.

மூண்டாவது, ஜெலி இன்னும் தண்ணியா இருக்கேக்கையே பழத்தையும் கிறீமையும் போட்டது. அப்ப பாரமானது அடிக்குப் போகும், கிறீம் மேல வரும். இறுகினாலும் ரெண்டு தட்டா நிக்கும்.

நான் சொல்லுற அளவு 8 முதல் 10 பேருக்கு. ருசி சேர்க்காத ஜெலற்றின் தூளில செய்தா சீனியும் புளிப்பும் உங்கட கையில இருக்கும், அதால அதையே எழுதுறன்.

ஜெலற்றின் 14 கிராம், மட்டமான 5 தேக்கரண்டி. கோப்பையிலயே வைச்சு அள்ளிப் போடுறதுக்கு இது காணும். அச்சில ஊத்திக் கவிழ்க்கிறதெண்டா 18 கிராம். குளிர்தண்ணி 80 மில்லி. அன்னாசிப் பாணியோட தண்ணி சேர்த்து 360 மில்லி. சீனி இன்னும் 60 கிராம். தேசிப்புளி 40 மில்லி, பச்சைத் தோல் துருவல் ஒரு தேசிக்காயில இருந்து. கிறீம் சீஸ் 225 கிராம், மயோனைஸ் 60 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. விப்பிங் கிறீம் 200 மில்லி. வடிச்ச அன்னாசி முழுக்க. வறுத்து உடைச்ச கஜு 60 கிராம். பச்சை நிறம் வேணுமெண்டா ரெண்டு துளி.

தண்ணிக்கு மேல ஜெலற்றினைத் தூவுங்கோ. தூளுக்கு மேல தண்ணி ஊத்தினா வெளிப்பக்கம் ஊறி உள்பக்கம் மாவாவே கிடக்கும். 10 நிமிடம் விடுங்கோ. பாணியில 200 மில்லியைச் சீனியோட ஆவி பறக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஊறின ஜெலற்றினைப் போட்டுக் கலக்குங்கோ. ஜெலற்றினைக் கன நேரம் கொதிக்க வைச்சா அதின்ர இறுக்கம் குறையும். ஒரு துளியை ரெண்டு விரலுக்கு நடுவில தேய்ச்சுப் பாருங்கோ, மணல் மாதிரி நெருடினா இன்னும் கரையேல்லை. பிறகு மிச்சப் பாணி, தேசிப்புளி, துருவல். விரலை விட்டா சூடும் இல்லை குளிரும் இல்லை எண்டு இருக்க வேணும்.

சீஸ், மயோனைஸ், உப்பு மூண்டையும் தனியா அடிச்சு வழுவழுப்பாக்கி, ஜெலற்றின் தண்ணியில முதல் ஒரு அகப்பை மட்டும் விட்டு அடியுங்கோ. அது சேர்ந்த பிறகு மிச்சம். ஒருக்கா வடிதட்டில வடிச்சா மனநிம்மதி.

இனி வாறதுதான் முழு வேலையும். கோப்பையை ஐஸ் தண்ணிக்குள்ள வைச்சு, ரப்பர் அகப்பையால அடியையும் சுவரையும் வழிச்சு வழிச்சுக் கலக்குங்கோ. முதல் 5 நிமிடம் ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு அகப்பையால கோடு இழுத்தா உடனே மூடாமல் ஒரு கணம் நிண்டு மூடும். தூக்கி ஊத்தினா நூலா விழாமல் சளக்கெண்டு கட்டியா விழும். பச்சை முட்டை வெள்ளைக்கருவின்ர பதம். அந்த நேரம் பழம், கஜு, கடைசியா கிறீம். இதுக்கு முதல் போட்டா மிதக்கும். இதுக்குப் பிறகு போட்டா ஜெலி உடைஞ்சு திரள் திரளா வரும். பதம் தாண்டிப்போனா பயப்பட வேண்டாம், கிறீம் போட முதல் எண்டா கோப்பையை இளஞ்சூட்டுத் தண்ணிக்கு மேல வைச்சு இளக்கித் திரும்பத் தொடங்கலாம்.

கிறீமை மெதுவான கூர் வாற பதத்தில நிப்பாட்டுங்கோ. கிறீம், கோப்பை, அடிக்கிற கம்பி மூண்டும் குளிரா இருக்க வேணும். இல்லாட்டி இந்த வெக்கையில வெண்ணெய்தான் வரும்.

ஏற்கனவே கெட்டுப்போனதைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம், திரையும். கசக்காட்டி ஐஸ்பழ அச்சில ஊத்தி உறைய விட்டுப் பிள்ளையளுக்குக் குடுங்கோ.

---

கிண்ணியா_கடப்பாசி:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா சைவக்காரருக்கு ஜெலற்றின் சரிவராது. மாட்டுத் தோலும் எலும்பும், இல்லாட்டிப் பன்றித் தோல், அதில இருந்துதான் எடுக்கிறது. எங்கட ஆக்களும் ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்கணும். ரெண்டு பக்கமும் ஒரே மேசையில சாப்பிடணும் என்டா கடப்பாசிதான் (அகர் அகர், கடல் பாசியில இருந்து எடுக்கிறது) வழி. நோன்பு காலத்தில இங்க எல்லா வீட்டிலயும் காய்ச்சிறதுதானே. சில கடையில சைனா கிராஸ் என்டு கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க.

ஜெலற்றின் கணக்கை அப்படியே இதுக்குப் போடாதீங்க. ஜெலற்றின் 30 முதல் 35 பாகைக்குள்ள இளகிடும், நம்மட ஊர் மத்தியான வெக்கையே அதுதான். கடப்பாசி 40 பாகைக்குக் கீழ வந்ததும் இறுகிடும், திரும்ப இளக 85 பாகை வேணும். விறாந்தையில வைச்சாலும் உருகாது. நொதியமும் அதை ஒன்டும் செய்யாது, அது புரதம் இல்ல.

அதுக்காகப் பச்சை அன்னாசியைப் போட்டுடாதீங்க. இறுகும், ஆனா அந்த நொதியம் தயிர், சீஸ் புரதத்தை வெட்டும், நேரம் போகப் போகக் கசக்கத் தொடங்கும். எப்படி என்டாலும் அன்னாசியைக் காய்ச்சித்தான் போடணும்.

கிறீம் சீஸுக்குப் பதிலா எருமைத் தயிர் எடுங்க. கொழுப்புக் கூட, தண்ணி குறைய. ஒரு கிலோச் சட்டியை மெல்லிய வெள்ளைத் துணியில கட்டி, கீழ கோப்பை வைச்சு, பிறிட்ஜுக்குள்ளயே 6 மணித்தியாலம் தொங்க விடுங்க. வெளிய தொங்க விட்டாப் புளிச்சுப்போகும். ஏறக்குறைய பாதி மிஞ்சும். கத்தியில எடுத்தா வழியாம நிக்கணும். மேல படிஞ்ச ஆடையையும் சேர்த்து அடிங்க, அதிலதான் ருசி. கிறீம் சீஸை விடப் புளிப்புக் கூட, அதால தேசிப்புளியைப் பாதியாக்கி, சீனி 30 கிராம் கூட்டிக்குங்க.

அளவு: கடப்பாசித் தூள் 5 கிராம், தண்ணியும் பாணியும் சேர்த்து 450 மில்லி, சீனி 90 கிராம், தொங்கவிட்ட தயிர் 300 கிராம், டின்பால் (சீனி போட்ட கட்டிப்பால்) 3 மேசைக்கரண்டி, வடிச்ச அன்னாசி 250 கிராம். தூளைக் குளிர்தண்ணியில 5 நிமிடம் ஊறவிட்டு, கலக்கிக் கலக்கிக் கொதிக்க விட்டு, கொதி வந்து 3 நிமிடம். நார்க் கடப்பாசி என்டா 8 கிராமைப் பொடியா வெட்டி அரை மணித்தியாலம் ஊறவிட்டு, நார் ஒன்டும் தெரியாம வாற வரைக்கும் காய்ச்சி வடிங்க. தேசிப்புளியை அடுப்பில இருக்கக்க ஊத்தாதீங்க. புளியோட கொதிச்சாக் கடப்பாசி பலம் குறைஞ்சிடும்.

பிழைக்கிற இடம் தயிர் சேர்க்கிற இடம். பிறிட்ஜ் தயிரைச் சூட்டுக் கடப்பாசியில போட்டீங்க என்டா, தயிர் தொட்ட இடமெல்லாம் உடனே இறுகி, சேமியா மாதிரி நூல் நூலா வரும். தயிர்க் கோப்பையை இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள வைச்சு, கை வெதுவெதுப்பு வந்த பிறகு, கடப்பாசியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அடிங்க. அன்னாசியும் குளிரா இருக்கக்கூடாது. கலந்ததும் ஊத்திடணும், நின்டு கதைக்க நேரமில்ல. அரை மணித்தியாலத்தில இறுகும்.

---

நிலாவெளி_குசினி:

இரண்டு பேரும் செய்முறையை வடிவாகச் சொல்லிவிட்டார்கள். பரிமாறுவது பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. இது சாப்பாட்டுக்குப் பின் வருகிற இனிப்பு இல்லை. அங்கே இதற்குப் பெயர் கஞ்ஜீல்ட் சாலட், உறைந்த சாலட். சலாது இலை மேல் ஒரு துண்டு வைத்து, பன்றித் தொடை இறைச்சி, வான்கோழியுடன் ஒரே தட்டில் வரும். தாங்க்ஸ்கிவிங், ஈஸ்டர், தேவாலய விருந்து, இழவு வீடு, எல்லாவற்றுக்கும் போகும். 1897இல் ஜெல்-ஓ தூள் வந்த பிறகுதான் ஜெலி சாதாரண வீட்டுக்கு எட்டியது. 1930இல் தேசிக்காய் ருசி வந்ததும் காய்கறி, சீஸ், மயோனைஸ் எல்லாம் அதற்குள் இறங்கிவிட்டன. அங்கே போடுவது பீக்கன் கொட்டை. இங்கே கஜு அதைவிட நல்லது.

ஆகவே மயோனைஸையும் உப்பையும் கண்டு முகம் சுளித்து விட்டுவிடாதீர்கள். அந்த 60 கிராம் மயோனைஸ் தனியாகத் தெரியாது. அது இல்லாவிட்டால்தான் வெறும் புடிங் ஆகிவிடும். நம் ஊரில் புரியாணிக்குப் பக்கத்தில் அன்னாசி வைப்பதில்லையா, அதே இடம்தான் இதற்கும். மஞ்சள் சோறும் பொரித்த கோழியும் இருந்தால் பொருந்தும். கடையில் வாங்கும் மயோனைஸில் முட்டை இருக்கலாம். சைவக்காரரின் அச்சுக்கு அது வேண்டாம், அந்தத் தயிரே போதும்.

கஜுவுக்குப் பதில் கச்சான் (நிலக்கடலை) போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். போடாதீர்கள். ஈரத்தில் ஓர் இரவு கிடந்தால் ஊறி, அவித்த கச்சான் மாதிரி ஆகிவிடும், வாசனையும் அன்னாசியை அமுக்கிவிடும்.

கடப்பாசி பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு. உருகாது என்பது உண்மை. ஆனால் வாயில் வைத்தால் கரையாது, கடித்தால் உடையும். கிறீம் சாலட்டின் சுகமே நாக்குச் சூட்டில் இளகுவதுதான். சைவக்காரருக்குத் தனி அச்சு கடப்பாசியில் செய்யுங்கள், வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு இரண்டையும் கலக்கலாம். மேலே சொன்ன 14 கிராம் ஜெலற்றின் அளவுக்கு, கடப்பாசித் தூள் 1.5 கிராம். அந்த 200 மில்லிப் பாணியில் முதலில் கடப்பாசியைக் கொதிக்க வைத்து, இறக்கி, சற்று ஆறியதும் ஊறிய ஜெலற்றினைப் போடுங்கள். மிச்சப் பாணியை அறைச்சூட்டிலாவது வைத்திருந்து சேருங்கள். பிறிட்ஜ் குளிரில் ஊற்றினால் கடப்பாசி அங்கேயே இறுகும். இந்தக் கலவையில் ஐஸ் தண்ணி வேலையும் பாதி நேரத்தில் முடியும், கையெடுக்காமல் கலக்குங்கள்.

---

உவர்மலை_அடுப்படி:

அக்கா, ராத்தா, அண்ணை, மூண்டு பேருக்கும் நன்றி. பச்சை அன்னாசிதான் எண்டு இப்ப விளங்குது. இன்னும் கொஞ்சம் கேக்க வேணும். 25 பேருக்கு எண்டா எல்லாத்தையும் மூண்டு மடங்காக்கி ஒரே பெரிய அச்சில ஊத்தலாமோ? அச்சுக்கு என்ன எண்ணெய் பூசுறது? இப்ப கச்சான் காத்து எண்ட வரண்ட சூட்டுக் காத்து வேற அடிக்குது, மேசையில எவ்வளவு நேரம் நிக்கும்? கிறீம் கிடைக்காட்டி?

---

கேக்மேசை_திருமலை:

ஒரே அச்சு வேண்டாம். தடிப்பான அச்சில ஓரம் இறுகினாலும் நடு இறுக இரவு முழுக்கத் தேவைப்படும், கவிழ்க்கேக்க பாரத்தில பிளக்கும். ஒண்டரை லீற்றர் அளவில மூண்டு அச்சு. இல்லாட்டி 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல போகாமல் தட்டையான கண்ணாடித் தட்டில ஊத்திச் சதுரமா வெட்டுங்கோ, அது 14 கிராம் அளவிலயே நிக்கும். கலக்கிறதும் ஒவ்வொரு மடங்காக் கலக்குங்கோ. மூண்டு மடங்கை ஒரு கோப்பையில ஐஸில வைச்சா, சுவர் இறுகிப்போகும், நடு தண்ணியாவே நிக்கும்.

எண்ணெய்: தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். பிறிட்ஜில அது உறைஞ்சு, சாலட்டுக்கு மேல வெள்ளைப் படை படையா ஒட்டி வரும், வாசமும் வரும். சூரியகாந்தி எண்ணெய் ரெண்டு துளியைக் கடதாசியில தொட்டுப் பூசித் துடைச்சுவிடுங்கோ. அச்சை மூடித்தான் வையுங்கோ. எங்கட பிறிட்ஜுகளில மீன் இல்லாத நாள் எது? கிறீம் அந்த மணத்தை உடன இழுக்கும்.

கிறீம்: பெட்டியில குக்கிங் கிறீம் எண்டு வாறதைச் சமையலுக்கு மட்டும் வையுங்கோ, கொழுப்புக் காணாது, அடிபடாது. 35 வீதக் கொழுப்பு வேணும். டவுனில கேக் சாமான் விக்கிற கடையளில கிடைக்கிற தாவரக் கொழுப்புக் கிறீம் வெக்கைக்கு நல்லாத் தாங்கும், ஆனா அதிலயே சீனி இருக்கு, மொத்தச் சீனியில 40 கிராம் குறையுங்கோ. ரெண்டும் இல்லாட்டி, இனிப்பில்லாத சுண்டக் காய்ச்சின பேணிப்பால் 170 மில்லியை ஓரத்தில ஐஸ் ஊசி கட்டுற வரைக்கும் உறைபெட்டியில வைச்சு அடியுங்கோ, மூண்டு மடங்கா எழும்பும். கன நேரம் நிக்காது, உடன கலந்துபோட வேணும். டின்பால் அடிச்சா எழும்பாது.

கவிழ்க்கிறது: அச்சின்ர ஓரத்தை விரலால உள்பக்கம் மெல்ல இழுத்துக் காத்துப் போக விடுங்கோ. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணியில 8 செக்கன். மத்தியானத்தில எண்டா கேத்தில் தேவையில்லை, மேல் தாங்கியில இருந்து வாற குழாய்த்தண்ணியே அந்தச் சூடுதான். தட்டை ஈரமாக்கிக் கவிழுங்கோ, நடுவில விழாட்டி வழுக்கி நகர்த்தலாம்.

---

நிலாவெளி_குசினி:

நேரம் பற்றி: தனி ஜெலற்றின் என்றால், கச்சான் காற்றுக்கு நேரே உள்ள விறாந்தையில் 15 நிமிடத்தில் ஓரம் வியர்க்கும், அரை மணித்தியாலத்தில் சாயும். கடப்பாசி கலந்தது அதைவிடக் கூட நேரம் நிற்கும். ஆனால் கிறீமும் சீஸும் உள்ளதை அந்த வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள், நின்றாலும் பழுதாகும். தட்டுக்கு அடியில் ஐஸ் நிரப்பிய தாம்பாளம் வையுங்கள். மூன்று அச்சையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வேண்டாம், ஒன்று முடிய அடுத்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரமே ஊற்றி வையுங்கள். ஜெலற்றின் இரவு முழுக்க இறுகிக்கொண்டே போகும், சனி காலையில் ஊற்றுவது அவசரம். உறைபெட்டியில் வைத்து விரைவாக்கப் பார்க்காதீர்கள், ஐஸ் கட்டி, இளகும்போது தண்ணீர் விடும்.

---

கிண்ணியா_கடப்பாசி:

கடப்பாசி அச்சை மட்டும் சனி காலையில ஊத்துங்க. இரவு முழுக்கக் கிடந்தாச் சுத்தித் தண்ணி விட்டிருக்கும். விட்டாலும் பழுதில்ல, தட்டைச் சரிச்சுக் கடதாசியால ஒத்தி எடுத்துட்டு வைங்க. சைவக்காரருக்கான கரண்டியை வேறயா வைக்க மறந்திடாதீங்க.

---

உவர்மலை_அடுப்படி:

சரி ராத்தா, அதுக்குக் கஜுவை மேல தூவி அடையாளம் வைக்கிறன், மற்ற ரெண்டுக்கும் கஜு உள்ளுக்குள்ளதானே. அன்னாசியை வியாழக்கிழமையே காய்ச்சி வடிச்சு வைச்சாப் பிழையோ?

---

கேக்மேசை_திருமலை:

பிழையில்லை. பழத்தைப் பாணிக்குள்ளயே போட்டு மூடி வையுங்கோ, வடிச்சு வைச்சாக் காயும். கடப்பாசிக்கு எடுக்கிறதை மட்டும் ஊத்த முதல் வெளிய எடுத்துச் சூடாக்குங்கோ.